‘போட்டுட்டேன்னு எழுதிக்கங்க சிஸ்டர்’

ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் இடைப்பட்ட கடலோர ஊர் ஒன்றின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதினான்கு ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். இத்தனை ஆண்டுகளில் உன் காதில் அதிகம் விழுந்த வாக்கியம் எது என்று யாராவது கேட்டால், தயங்காமல் ‘போட்டுட்டேன்னு எழுதிக்கங்க சிஸ்டர்’ என்பதைச் சொல்வேன். பிரஷர் மாத்திரை வாங்க வருபவரிடம், போன மாதம் கொடுத்ததை ஒழுங்காகப் போட்டுக்கொண்டீர்களா என்று கேட்டால் வருகிற பதில் இதுதான். ‘போட்டுட்டேன்’ என்பது வேறு, ‘போட்டுட்டேன்னு எழுதிக்கங்க’ என்பது வேறு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வெளியே நாற்பது பேர் வரிசையில் நிற்க, சர்க்கரைக்கு விரல் குத்த ஒரு கையும் பதிவேட்டில் எழுத ஒரு கையுமாக இருக்கிற வேளையில் அந்த வேறுபாட்டைத் தோண்டிக்கொண்டிருக்க முடியாது. அவர்கள் சொன்னபடியே எழுதிக்கொண்டேன். முதுகலைப் படிப்பின் கடைசியில், நெறியாளர் ஒருவரின் மேற்பார்வையில் தனியாக ஓர் ஆய்வு செய்து முடிக்க வேண்டிய கட்டம் வந்தபோது இந்த வாக்கியத்தையே எடுத்துக்கொண்டேன். அதில் கற்றதையும் பட்டதையும், இதே வழியில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற செவிலியர்களும் சுகாதாரப் பணியாளர்களும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

நான் படித்தது தொலைநிலையில் சமூகப்பணி முதுகலை. செவிலியத்திலேயே மேற்படிப்பு படித்திருக்கலாமே என்று கேட்காதவர் இல்லை. செவிலியம், மருத்துவம், இயன்முறை மருத்துவம் ஆகியவற்றைத் தொலைநிலையில் நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதிப்பதில்லை. 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலும் ஊட்டச்சத்து அறிவியலும்கூட அந்த விலக்குப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. நோயாளியின் படுக்கையருகே நின்று கற்க வேண்டியதைத் தபாலில் அனுப்ப முடியாது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வேலையை விட்டுவிட்டு, பள்ளிக்குப் போகும் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு, இரண்டு ஆண்டு விடுதியில் தங்கிப் படிக்க வழியில்லாதவர்களுக்கு நலவாழ்வுத் துறையை ஒட்டித் திறந்திருக்கும் கதவுகள் சமூகப்பணி, ஊரக வளர்ச்சி என்று விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கின்றன. 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் (இக்னோ) 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வந்த பிறகு அந்தக் கதவுகளாவது திறந்தன. நான் எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தேன் என்பதைச் சொல்லப் போவதில்லை. கொஞ்சம் குறை சொல்ல வேண்டியிருக்கிறது, பெயர் சொல்லி வம்பை விலைக்கு வாங்க விருப்பமில்லை.

பாடங்களைப் படித்து ஒப்படைப்பு எழுதி அனுப்புவது ஒரு வகையான உழைப்பு. அது எங்களுக்குப் பழகிப்போனது. பாடநூலில் இருப்பதை நம் சொற்களில் எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். மேற்பார்வையோடு கூடிய தனி ஆய்வு அப்படிப்பட்டதல்ல. கேள்வியை நாமே உண்டாக்க வேண்டும், படிக்க வேண்டியது எது என்று நாமே தேட வேண்டும், யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது, கேட்டதை வைத்து என்ன சொல்லலாம் என்று நாமே முடிவு செய்ய வேண்டும். நெறியாளர் பக்கத்தில் நின்று பார்ப்பார். நர்சிங் பள்ளியில் என்னோடு படித்து இப்போது இங்கிலாந்தில் வேலை பார்க்கும் தோழியும் அங்கே தொலைநிலையில் முதுகலை படிக்கிறாள். அங்கே படிப்பின் அளவைக் கிரெடிட் என்ற அலகால் கணக்கிடுகிறார்கள்; ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேர உழைப்பு. முதுகலைப் பட்டத்துக்கு 180 கிரெடிட். அவளுடைய தனி ஆய்வுக்கு 20 கிரெடிட், ஆகவே 200 மணி நேரம். இங்கே இக்னோவின் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. கணக்கு எதுவானாலும், அந்த மணி நேரங்களில் நெறியாளரோடு கழிப்பது மிகச் சிறிய பங்குதான் என்பதில் இரண்டு நாடும் ஒன்று. எனக்கு முழு ஆய்வுக்காலத்திலும் கிடைத்தது ஒன்பது தொலைபேசி உரையாடல்கள், ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்கு உட்பட்டது. மீதியெல்லாம் இரவுப் பணியில் பிரசவ அறை அமைதியாக இருக்கும் வேளைகளில், பதிவேட்டை ஒதுக்கிவைத்த மேசையில் நான் தனியாக உட்கார்ந்து செய்தது.

முதலில் அமைந்த நெறியாளரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நான் பதினாறு பக்கத்தில் அனுப்பிய முன்மொழிவுக்கு ஏழு வாரம் கழித்து ‘நன்று. தொடரவும்.’ என்று பதில் வந்தது. அப்போது எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். எதைத் தொடர்வது என்று உட்கார்ந்து யோசித்தபோதுதான் அந்த இரண்டு சொற்களில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை என்று புரிந்தது. அடுத்த இரண்டு மடல்களுக்குப் பதில் வரவில்லை. நேர்முக வகுப்புக்கு மதுரைக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்தில் ஒரு விண்ணப்பம் கொடுத்து நெறியாளரை மாற்றித் தரக் கேட்டேன். இப்படிக் கேட்க மாணவருக்கு வழியுண்டு என்பதே பலருக்குத் தெரிவதில்லை. கேட்டால் மதிப்பெண்ணில் கைவைத்துவிடுவார்கள் என்ற அச்சம் வேறு. குறை சொல்லாமல், மடல் அனுப்பிய தேதிகளை மட்டும் வரிசையாக எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதத்தில் மாற்றிக் கொடுத்தார்கள்.

இரண்டாவதாக வந்தவர் ஓய்வு பெற்ற சமூகப்பணிப் பேராசிரியை. இருந்தது கோயம்புத்தூர்ப் பக்கம். அவரை நான் ‘அம்மா’ என்று அழைத்தேன், அவர் என்னைக் கடைசி வரை ‘சிஸ்டர்’ என்று அழைக்கவே இல்லை. ‘நீங்கள் இங்கே மாணவி, அந்தச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்’ என்று முதல் உரையாடலிலேயே சொன்னார். என் ஆய்வுத் தலைப்பு அப்போது ‘ராமநாதபுரம் கடற்கரை மீனவர்கள் இரத்தக் கொதிப்பு மாத்திரைகளை ஒழுங்காக உட்கொள்ளாமைக்கான காரணங்கள்’ என்று இருந்தது. அவர் மூன்று கேள்விகளை எழுதி அனுப்பினார். மீனவர்கள் என்றால் யார்: விசைப்படகில் கூலிக்குப் போகிறவரா, சொந்த வள்ளம் வைத்திருப்பவரா, கரைவலை இழுப்பவரா, பாசி எடுக்கும் பெண்களா? ஒழுங்காக உட்கொள்ளவில்லை என்று உங்களுக்குச் சொன்னது யார்? காரணம் என்று நீங்கள் ஏற்கெனவே மனத்தில் வைத்திருப்பது எது, அதை இப்போதே ஒரு தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டிவையுங்கள். ஆய்வு முடிந்ததும் பிரித்துப் பார்ப்போம்.

உறையில் நான் எழுதிய சொல் ‘மறதி’. ‘மறதி, குடி, அக்கறையின்மை’ என்று மூன்று எழுதினேன். மறதிக்கு அடிக்கோடும் இட்டேன்.

தலைப்பைச் சுருக்குவதற்கே இரண்டு மாதம் பிடித்தது. கடைசியில் அது, ஒரே ஓர் ஊரில் விசைப்படகில் கூலிக்குப் போகும் ஆண்கள் தங்கள் மாத்திரையைத் தொழில் நாள்களில் எப்படிக் கையாள்கிறார்கள் என்ற கேள்வியாக நின்றது. மாவட்டம் முழுவதையும் பிடிக்கப் பார்த்த எனக்கு அது மனக்குறைதான். ஆனால் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் ஒருவர் தனியாகச் செய்யக்கூடிய அளவு அவ்வளவே. இதை முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுக்காத நெறியாளரால், ஆறு மாதம் கழித்து நூறு பேரின் வினாத்தாள்களைக் கட்டி வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் மாணவர்களை நேர்முக வகுப்புகளில் பார்த்திருக்கிறேன்.

அவர் வைத்த நடைமுறை ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு உரையாடலுக்கும் இரண்டு நாள் முன்பு நான் ஒரு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும்: போன முறைக்குப் பிறகு செய்தது என்ன, எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறேன், இந்த முறை எனக்குத் தேவையான ஒரே ஒரு விடை எது. பேசி முடித்த அன்றிரவே, என்ன பேசினோம், எதை முடிவு செய்தோம் என்று நானே குறித்து அவருக்கு அனுப்ப வேண்டும். அவர் திருத்தினால் திருத்துவார். தொடக்கத்தில் இது அலுவலகத்துக் கூட்டக்குறிப்பு போல எரிச்சலூட்டியது. பிறகுதான் அந்த ஒரு பக்கத்தை எழுதும்போதே பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடுவதைக் கண்டேன். தொலைநிலைக் கல்வியைப் பற்றி மைக்கேல் மூர் என்ற கல்வியாளர் சொன்ன கருத்தைப் பாடத்தில் படித்திருந்தேன்: மாணவருக்கும் ஆசிரியருக்கும் இடையிலான தொலைவைக் கிலோமீட்டரில் அளக்கக்கூடாது, இருவருக்குமிடையே நடக்கும் உரையாடல் எவ்வளவு, பாடத்தின் கட்டமைப்பு எவ்வளவு இறுக்கம், மாணவருக்குத் தானே நடத்திக்கொள்ளும் ஆற்றல் எவ்வளவு என்ற மூன்றையும் வைத்துத்தான் அளக்க வேண்டும் என்பது அவர் வாதம். தேர்வுக்காக மனப்பாடம் செய்த கருத்து அது. எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில், கச்சான் காற்று போனுக்குள் புகுந்து இரைய, சிக்னல் தேடி ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நகர்ந்துகொண்டே பேசிய நாள்களில் அது அனுபவமாகிப்போனது. (தனுஷ்கோடிப் பக்கம் போனால் சிக்னல் பிரச்சினை இல்லை, இலங்கைக்காரன் கோபுரம் நம்மை வரவேற்றுக் குறுஞ்செய்தி அனுப்பிவிடும்.)

படிப்பதற்கு நூலகம் எங்கே என்பது எங்கள் ஊர்களில் பெரிய கேள்வி. நான் போனிலேயே படித்தேன். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்கா தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மருத்துவக் கட்டுரைகளுக்குப் பப்மெட் இருக்கிறது, அதில் முழுக்கட்டுரை இலவசமாக உள்ளவற்றை மட்டும் பிரித்துக் காட்டச் சொல்லலாம். நீண்டகால நோய்களுக்கான மருந்தை மக்கள் எந்த அளவுக்குத் தொடர்கிறார்கள் என்பது குறித்து உலக சுகாதார நிறுவனம் 2003இல் வெளியிட்ட அறிக்கை எனக்கு மிகவும் உதவியது. வளர்ந்த நாடுகளிலேயே அது சராசரியாக 50 விழுக்காடுதான் என்று அதில் படித்தபோது, எங்கள் ஊர்க்காரர்கள் மீது இருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது. நோயாளி மட்டும் காரணமில்லை, சமூகப் பொருளாதார நிலை, மருத்துவ அமைப்பு, நோயின் தன்மை, சிகிச்சையின் தன்மை ஆகியவையும் சேர்ந்தே காரணம் என்று அந்த அறிக்கை ஐந்து பரிமாணங்களாகப் பிரிக்கிறது. என் உறையில் இருந்த மூன்று சொற்களும் அந்த ஐந்தில் ஒன்றுக்குள்ளேயே, நோயாளி என்ற பெட்டிக்குள்ளேயே அடங்கிவிட்டன என்பதைப் பார்த்த அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை.

மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்கிறார்களா என்று அளக்கும் மொரிஸ்கி அளவுகோல் என்ற வினாத்தாளை இணையத்தில் கண்டு, அதைத் தமிழாக்கி அப்படியே பயன்படுத்திவிடலாம் என்றிருந்தேன். எட்டுக் கேள்விகள், கூட்டினால் ஒரு மதிப்பெண், வேலை சுலபம். அதற்கு உரிமம் பெற்றே பயன்படுத்த வேண்டும், கட்டணமும் உண்டு என்று நெறியாளர் தடுத்தார். நம் மாணவர்கள் பலர் இது தெரியாமல் யாரோ ஒருவரின் வினாத்தாளை நகலெடுத்து ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேர்த்துவிடுகிறார்கள். ‘பதினொரு பேரிடம் மதிப்பெண் வாங்கி என்ன செய்யப் போகிறீர்கள், உட்கார்ந்து பேசுங்கள்’ என்றார் அவர். அதோடு வினாத்தாள் போயிற்று.

ஒப்புதல் வாங்குவதில் நான் பட்ட பாடுதான் இந்த ஆய்வின் மிகப் பெரிய படிப்பினை. மாவட்ட சுகாதார நிர்வாகத்தின் அனுமதி, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எல்லாம் முறைப்படி வாங்கினேன். காகிதம் என்ற அளவில் குறையில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, பங்கேற்பவர் தன் விருப்பத்தோடு, வற்புறுத்தலின்றி, புரிந்துகொண்டு ஒப்புதல் தர வேண்டும். நான் முதலில் அணுகியவர் ஐம்பது வயதுக்காரர். தகவல் தாளை நீட்டி விளக்க வாயெடுப்பதற்குள் பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டுவிட்டார். படித்துப் பாருங்களேன் அண்ணே என்றேன். ‘நீங்க நீட்டினா போட வேண்டியதுதானே சிஸ்டர், இதுல என்ன படிக்கிறது’ என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது; மக்கள் என்னை எவ்வளவு நம்புகிறார்கள் என்று களக்குறிப்பில் எழுதி அனுப்பினேன். நெறியாளர் அந்த வரியின் பக்கத்தில் எழுதினார்: ‘இவர் மாணவிக்குக் கையெழுத்திடவில்லை. தன் மகளுக்குப் பிரசவம் பார்த்த, நாளை தனக்கு ஊசி போடப் போகிற செவிலியருக்குக் கையெழுத்திட்டிருக்கிறார். இந்த ஒப்புதல் செல்லாது.’

எனக்குக் கோபம் வந்தது. கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு எங்கள் ஊர் மனிதர்களைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். நான்கைந்து நாள் கழித்து அதையே வேறு மாதிரி நினைத்தேன்: அங்கே உட்கார்ந்திருப்பதால்தான் அவருக்கு அது தெரிந்தது. நான் தினமும் அந்த நம்பிக்கைக்குள்ளேயே நடமாடுகிறேன், மீனுக்கு உப்புத் தண்ணீர் எப்படித் தெரியும்?

பிறகு முறையை மாற்றினோம். எங்கள் நிலையத்தின் எல்லைக்குள் வராத பக்கத்து ஊரைத் தேர்ந்தெடுத்தேன். சீருடையில்லாமல் போனேன், சேலை மாற்றினால் ஆள் மாறிவிடுமா என்று என் வீட்டிலேயே சிரித்தார்கள், அதுவும் உண்மைதான், அங்கேயும் பாதிப் பேருக்கு என்னைத் தெரிந்திருந்தது. ஆகவே தாளை நான் கொடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம். அந்த ஊர் மீனவர் சங்கத்தில் கணக்கு எழுதும் தம்பி ஒருவர் தாளைப் படித்துக் காட்டிவிட்டு வருவார். விருப்பமில்லாதவர்கள் அவரிடமே சொல்லிவிடலாம், என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு நாள் கழித்து, சரி என்றவர்களை மட்டும் நான் சந்திப்பேன். பதினான்கு பேரைக் கேட்டதில் மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். மனம் சுருங்கிப்போய் நெறியாளரிடம் சொன்னேன். அவர் அந்த மூன்று பேரைத்தான் கொண்டாடினார். வேண்டாம் என்று சொல்ல முடிகிற இடத்தில் சொல்லப்பட்ட சரிக்குத்தான் பொருளிருக்கிறது என்றார்.

குரல் பதிவைப் பற்றியும் கேட்டார்: எந்தப் போனில் பதிவு செய்கிறீர்கள், அதை வேறு யார் தொடுவார்கள்? என் மகன் தொடுவான், அதில்தான் விளையாடுவான். பதிவை அன்றன்றே மடிக்கணினிக்கு மாற்றிப் போனிலிருந்து அழிப்பது, எழுத்தாக்கி முடித்ததும் மடிக்கணினியிலிருந்தும் அழிப்பது, பெயருக்குப் பதில் எண் இடுவது, எந்த எண் யார் என்ற தாளைத் தனியாகப் பூட்டி வைத்து ஆய்வு முடிந்ததும் கிழித்துவிடுவது என்று முடிவாயிற்று.

பேட்டிகளை மே மாதத்தில் வைத்துக்கொண்டேன். எங்கள் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும், ஆள்கள் வீட்டிலிருப்பார்கள், இதைவிட வசதியான காலம் எனக்குக் கிடைக்காது. ஆறு பேரிடம் பேசி எழுத்தாக்கி அனுப்பினேன். எல்லாரும் மாத்திரையை ஒழுங்காகப் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள், அட்டையை எடுத்துக் காட்டியும் இருந்தார்கள். நெறியாளரிடமிருந்து ஒரே வரி வந்தது: ‘தொழில் நாள்களைப் பற்றிய கேள்வியைத் தொழில் இல்லாத நாளில் கேட்டிருக்கிறீர்களே?’ இதே கடற்கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தோன்றவில்லை. ஜூன் 30 சமர்ப்பிக்க வேண்டிய கடைசி நாள். கால நீட்டிப்புக்கு விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, கட்டிய ரசீது கிடைக்கவில்லை என்ற மடலுக்கு மறுபடி ரசீதை அனுப்பி, அந்தக் கதையைச் சொன்னால் தனிப் பதிவாகிவிடும். தடை முடிந்த முதல் வாரங்களில் ஊரே படகும் ஐஸுமாக இருக்கும், யாரும் பேச மாட்டார்கள். ஜூலை பாதியிலிருந்து, தொழிலில்லாத வெள்ளிக்கிழமைகளில் வலை பொத்தும் கொட்டகைக்குப் போய் அதே ஆறு பேரிடமும் மீதி ஐந்து பேரிடமும் பேசினேன்.

இங்கே விசைப்படகுகள் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கி வாரத்தில் மூன்று நாள் போகின்றன. காலையில் போனால் மறுநாள் காலையில்தான் கரை. மருந்துச் சீட்டிலோ ‘காலை, சாப்பாட்டுக்குப் பின்’ என்றிருக்கிறது. கொட்டகையில் ஒருவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார்: மாத்திரை அட்டையைப் பால் பாக்கெட் உறையில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு, அதைப் பீடிக்கட்டோடு சேர்த்து வைத்திருந்தார். அலுமினியத் தாளில் உப்பு பூத்திருந்தது. பத்து மாத்திரை அட்டையில் மூன்று குழிகள் மட்டும் திறந்திருந்தன. ‘இதுல எது காலைன்னு சொல்லுங்க’ என்று கேட்டார். படகில் ஏறுவதற்கு முன் டீக்கடையில் நிற்பதா, வலையை இறக்கிவிட்டுக் கஞ்சி குடிப்பதா, மறுநாள் கரைக்கு வந்து மீனைப் பிரித்துப் பங்குக் கணக்குப் பார்த்து வீட்டுக்குப் போய்ப் பதினொரு மணிக்குச் சாப்பிடுவதா? எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தச் சீட்டை எழுதிக் கொடுக்கிறவர்களில் நானும் ஒருத்தி.

மறந்துவிடுகிறோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. தொழில் நாளில் வேண்டுமென்றே விட்டுவிடுகிறோம் என்று ஏழு பேர் சொன்னார்கள். மாத்திரை போட்டால் தலை சுற்றும், படகில் தலை சுற்றினால் கடலில்தான் விழ வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் தன்னார்வலப் பெண்கள் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அதனால் மாத்திரை இல்லை என்ற குறை யாருக்கும் இல்லை. வீடு வரைக்கும் வந்த மாத்திரை படகு வரைக்கும் வரவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு பேர் இன்னொன்றும் சொன்னார்கள்: விட்டுப்போன மாத்திரையையும் சேர்த்து, கரைக்கு வந்ததும் இரண்டாகப் போட்டுக்கொள்வது. இதைக் கேட்ட நொடியில் என்னுள் இருந்த செவிலியர் எழுந்து நின்றுவிட்டாள். பேட்டியில் குறுக்கிடக்கூடாது, சொன்னதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் பிரஷர் மாத்திரையை இப்படி இரட்டிப்பாகப் போட்டால் அழுத்தம் அதிகமாக இறங்கி மயக்கம் வரலாம் என்று தெரிந்துகொண்டு வாயை மூடியிருக்க முடியாது. நல்ல வேளையாக, ஒப்புதல் படிவத்தில் ஒரு வரியைச் சேர்க்கும்படி நெறியாளர் முன்பே வற்புறுத்தியிருந்தார்: ‘உங்கள் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்தான ஒன்றை நீங்கள் சொன்னால், அதைப் பற்றி உங்களிடம் பேசுவேன், தேவையானால் மருத்துவரைப் பார்க்கச் சொல்வேன்.’ பதிவை நிறுத்தினேன், இனி அப்படிச் செய்யாதீர்கள், விட்ட நாள் விட்டதுதான் என்று சொல்லி, அவர்கள் ஊர் நிலையத்து மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன், பிறகு பதிவைத் தொடர்ந்தேன். எந்த இடத்தில் நிறுத்தினேன் என்பதை ஆய்வேட்டிலும் எழுதினேன். இரட்டிப்பாகப் போட்டதால்தான் தலைசுற்றல் வந்து, அதைக் கண்டு அஞ்சித்தான் தொழில் நாளில் விட்டுவிடுகிறார்கள் என்று ஒரு பத்தி உற்சாகமாக எழுதியிருந்தேன். ‘இது உங்கள் ஊகம். ஊகம் என்ற சொல்லோடு எழுதுங்கள்’ என்று திரும்பி வந்தது.

பேச்சையெல்லாம் எழுத்தாக்கியபின் பிரவுன், கிளார்க் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் விளக்கிய ஆறு படிநிலைகளைப் பின்பற்றிக் கருப்பொருள்களாகப் பிரித்தேன். அதைப் பற்றிச் சொல்ல நிறைய இல்லை. திரும்பத் திரும்பப் படிப்பதுதான், வண்ணப் பேனா நான்கு தீர்ந்தது. வரைவின் இரண்டாம் இயலில் ஓர் இடத்தில் ‘மீனவர்கள் மாத்திரையை மறந்துவிடுகிறார்கள்’ என்ற வாக்கியம் எப்படியோ தப்பித்து உட்கார்ந்திருந்தது. நெறியாளர் அதை வட்டமிட்டு, ‘இந்தச் சொல் யாருடையது?’ என்று கேட்டிருந்தார். அன்றைக்குத்தான் உறையைப் பிரித்தேன். அந்தத் தாளை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேர்க்கலாமா என்று நானே கேட்டேன், சேர்க்கச் சொன்னார்.

ஆய்வேடு நவம்பரில் போய்ச் சேர்ந்தது. முடிவுகளை எங்கள் மருத்துவ அலுவலரிடம் இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அம்லோடிபின் போன்ற, நாளுக்கொன்று போடும் பிரஷர் மாத்திரையைக் காலையில்தான் போட வேண்டும் என்றில்லை, தினமும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் போட்டால் போதும் என்பதால், படகுக்குப் போகிறவர்களுக்கு அவர்களுக்கு ஏற்ற நேரத்தைக் கேட்டு எழுதலாம் என்றார். எழுதிவருகிறோம். சிலர் மாலை ஏழு மணி என்கிறார்கள், அது கடலிலும் ஏழு, வீட்டிலும் ஏழு. எத்தனை பேர் அதன்படி நடக்கிறார்கள் என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

போன மாதம், பேட்டி கொடுத்தவர்களில் ஒருவர் மனைவிக்கு மருந்து வாங்க எங்கள் நிலையத்துக்கு வந்தார். மேசையில் இருந்த கட்டுப்போட்ட ஆய்வேட்டைக் காட்டி, இதில் என் பேர் எங்கே என்றார். பேர் போட மாட்டேன் என்று சொல்லித்தானே பேசினோம், எண்தான் இருக்கும் என்றேன். ‘படகு நம்பர் மாதிரியா’ என்று கேட்டுவிட்டு, படித்துக் காட்டச் சொன்னார். நான்காம் இயலில் சில பக்கங்களைப் படித்தேன். ‘கடல்ல தலை சுத்துனா யாரு புடிக்கிறது’ என்ற வரி வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார். இது நான்தான், ஆனால் இப்படிச் சொல்லவில்லை என்றார். ‘தலை சுத்துனா புடிக்கிற ஆளு வலையைப் புடிச்சிருப்பான்னு சொன்னேன். அவன் என்னைப் புடிக்க வந்தா வலை போயிரும்ல.’ குரல் பதிவை எப்போதோ அழித்துவிட்டேன், ஒத்துப்பார்க்க வழியில்லை. பென்சிலை எடுத்து, அவர் சொன்னதை என் படியின் ஓரத்தில் எழுதினேன். எழுதி முடிக்கும் வரை நின்று பார்த்துவிட்டு, மருந்தை வாங்கிக்கொண்டு போனார்.